மூக்கர் வீட்டுக் கார்

ஆண்டவன் மூஞ்சிக்கு நடுவில் மூக்கை வைத்தது மூச்சு விடத்தான். ஆனால் சில பேர் அதை வைத்துக்கொண்டு நாட்டாமையே பண்ணுவார்கள். நம்ம மூக்கர் அந்த ரகம்.

பால் குளிரூட்டும் நிலையத்தில் அவருக்கு வேலை. விடிகிற நேரத்துக்கு லாரிகளில் பால் கேன்கள் வந்து இறங்கும். மூக்கர் ஒவ்வொரு கேனாக மூடியைத் தட்டித் திறப்பார், குனிவார், ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். "நல்லது" என்றால் பால் தொட்டிக்குப் போகும். "புளிப்பு" என்றால் கேனை ஓரம் கட்டிவிடுவார்கள், கொண்டுவந்தவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவான். லேப், மருந்து, கண்ணாடிக் குழாய் எல்லாம் அதற்கப்புறம்தான். முதல் தீர்ப்பு மூக்கருடையது. அவர் சொந்தப் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. மூக்கர் என்றால் வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரைக்கும் தெரியும்.

வெளியிலேயே அப்படியென்றால் வீட்டில் கேட்க வேண்டுமா? "இந்தக் குழம்பு நேத்து வெச்சதுதானே?" "யாரு இங்க உக்காந்து முட்டை உரிச்சது?" விருந்துக்குப் போன இடத்தில்கூட தட்டைத் தூக்கி ஒரு மோப்பம் பிடிப்பார். பக்கத்தில் நிற்கிற மனைவிக்கு மானம் போகும். "ஊர்ல எல்லாருக்கும் நாக்குல சனின்னா உங்களுக்கு மூக்குல சனி" என்பாள்.

அவருக்கு ஒரு கார் இருந்தது. பழைய கார்தான், ஆனால் வைத்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் அதைக் கார் என்று சொல்ல முடியாது, பூஜையறை என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு பருக்கை தின்னக் கூடாது. சூயிங்கம் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் வண்டியை ஓரம் கட்டி இறங்கிக் குடிக்க வேண்டும். மனைவியிடம் லைசென்ஸ் இருந்தது, ஓட்டவும் தெரியும், ஆனால் சாவி கிடைக்காது. "உன் கையில குடுத்தா மறுநாளே அது தின்பண்டக் கடை ஆயிடும்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

இப்பேர்ப்பட்ட காரில்தான் நாற்றம் வந்தது.

கண்டுபிடித்தது அவருடைய தங்கை. ஒரே தங்கை. அப்பா போனபிறகு அவளை இடுப்பில் தூக்கி வளர்த்ததே இவர்தான். கல்யாணமாகி வருஷக்கணக்கில் ஆனபிறகும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். இரண்டு தெரு தள்ளி மாமியாரோடு இருந்தாள், புருஷனுக்குக் கப்பலில் வேலை. இரண்டு தடவை உண்டாகி இரண்டு தடவையும் தங்கவில்லை. இது மூன்றாவது, நாலாம் மாசம். மசக்கை என்றால் எல்லாருக்கும் வருகிற மசக்கை இல்லை. தண்ணீர் குடித்தால் தண்ணீர் வெளியே வந்தது. அடுப்பில் எண்ணெய் காய்ந்தால் குமட்டியது, பக்கத்து வீட்டில் தலைக்குச் சீயக்காய் தேய்த்தால் இங்கே குமட்டியது. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண் உள்ளே போய்விட்டது.

டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். "உடம்புல தண்ணியே இல்ல. ஒருநாள் விட்டு ஒருநாள் கூட்டிட்டு வந்து டிரிப்ஸ் ஏத்திட்டுப் போங்க. வார்டுல படுக்க வெச்சா பினாயில் வாடைக்கே எல்லாத்தையும் வெளிய எடுத்துடுவா. வந்துட்டுப் போனா போதும், ஆனா ஒரு தடவைகூட விடாதீங்க. விட்டீங்கன்னா குழந்தைக்கு நான் பொறுப்பில்ல."

முதல் தடவை மாமியாரும் மருமகளும் வாடகைக் காரில் போனார்கள். "சீட்ல வாந்தி எடுத்துட்டா யாரும்மா கழுவறது?" என்று டிரைவர் பாதி வழியில் இறக்கி விட்டுவிட்டான். கேள்விப்பட்டதும் மூக்கர் எகிறிக் குதித்தார். "நான் என்ன செத்தா போயிட்டேன்? என் கார்ல கூட்டிட்டுப் போறேன். கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன், ராணி மாதிரி வரட்டும்."

ராணி வந்து ஏறினாள். மூக்கர் காலை வேலை முடிந்து நேரே காரில் வந்திருந்தார். பின்சீட்டில் அண்ணியோடு உட்கார்ந்து, கதவைச் சாத்தி, வண்டி தெருமுனை தாண்டியிருக்காது, தங்கை முந்தானையை எடுத்து மூக்கில் அழுத்திக்கொண்டாள்.

"அண்ணா, காருக்குள்ள என்னமோ ஊசிப் போயிருக்கு."

"என் கார்லயா?"

"ஆமாண்ணா. குடலைப் பிடுங்குதுண்ணா. ஐயோ, நிறுத்துங்க, நிறுத்துங்க."

நிறுத்துவதற்குள் பிளாஸ்டிக் பை நிறைந்துவிட்டது. ஜன்னலை இறக்கினால் லாரிப் புகை, ஏற்றினால் அந்த நாற்றம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருந்தாள். டிரிப்ஸ் ஏறியது. ஏறி என்ன பிரயோஜனம்? திரும்பி வரும் வழியில் அதே காரில் அதே வாந்தி. உள்ளே போனதைவிட வெளியே வந்ததுதான் ஜாஸ்தி.

அவளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் மூக்கர் கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே கண்ணை மூடி உட்கார்ந்தார். தொழில்காரர் இல்லையா? ஒரே இழுப்பு. பின்சீட்டு அடியிலிருந்து அழுகின வாழைப்பழத்தின் இனிச்ச வாடை வந்தது. டிக்கிப் பக்கமிருந்து கவிச்சி வந்தது. எங்கேயோ பூசணம் வந்தது. ஆகா, இத்தனை நாளாக நம்ம முதுகுக்குப் பின்னால் கச்சேரி நடந்திருக்கிறது என்று அவருக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் வாசலுக்கு வாங்க!"

எல்லாரும் என்றால் மனைவியும் மகளும்தான். மகள் காலேஜில் படிக்கிறாள், வாய் காதுவரைக்கும் நீளம், வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பேர். வாசலில் நியூஸ் பேப்பரை விரித்தார் மூக்கர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு காருக்குள் தலையை விட்டார்.

முதலில் வந்தது வாழைப்பழத் தோல். கறுத்து, சுருங்கி, சீட் கம்பியோடு ஒட்டிக்கொண்டு பிய்த்தால்தான் வந்தது. அடுத்தது சூயிங்கம். அதில் தலைமுடி, அந்த முடியில் ஒரு பிஸ்கட் தூள், அந்தத் தூளில் எறும்பு. அதற்கடுத்தது பாதி பன். பன் என்று எப்படித் தெரியும்? ஒரு ஓரம் மட்டும்தான் பன், மிச்சமெல்லாம் பச்சைக் கம்பளி. விரல் பட்டதும் கம்பளியிலிருந்து புகை மாதிரி தூசி கிளம்பி அவர் வாய்க்குள் போனது. "த்தூ! த்தூ! கருமம்!"

"அப்பா, அது அம்மா வாங்கிக் குடுத்தது" என்றாள் வாயாடி.

"வாங்கித்தான்டி குடுத்தேன். அங்க ஒளிச்சு வைக்கச் சொன்னேனா?"

அப்புறம் முன்சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு டப்பா வந்தது. மகள் தொலைத்துவிட்டதாகச் சொன்ன டப்பா, அதற்குப் பதில் வாங்கினதுகூடப் பழசாகிவிட்டது. மூடியைத் திறந்தார் பாருங்கள், குப்பென்று அடித்தது. உள்ளே இருந்தது ஒரு காலத்தில் நூடுல்ஸாக இருந்திருக்கும். இப்போது கொழகொழவென்று ஒரு கூழ், மேலே நுரை, ஓரத்தில் வெள்ளையாக எதுவோ நெளிந்தது. நூடுல்ஸா புழுவா என்று உற்றுப் பார்த்த வாயாடி, "ஐயே!" என்று கத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். அங்கிருந்து ஓங்கரிக்கிற சத்தம் வந்தது.

டிக்கி விரிப்பைத் தூக்கினால் அடியில் ஒரு பிசுக்கு. தொட்டால் நூல் நூலாக வந்தது. மீன் பையிலிருந்து கசிந்த ஐஸ் தண்ணி.

"ஒரே ஒரு தடவைதாங்க" என்றாள் மனைவி. "பை ஓட்டைன்னு எனக்கென்ன தெரியும்?"

"சீ! மனுஷங்களா நீங்க? பன்னிகூட படுக்கிற எடத்துல இப்படிப் பண்ணாது. அவ வயித்துல ஒரு உசுரு தங்குமா தங்காதான்னு ஊசலாடிக்கிட்டு இருக்கு. நீங்க என்னடான்னா கார்ல குப்பைக் கிடங்கு நடத்துறீங்க!"

மனைவி டிக்கி விரிப்பைச் சுருட்டி ஓரம் வைத்தாள். தப்பு அவர்கள் மேல்தானே. பேப்பரில் வரிசையாக வைத்திருந்ததைப் பார்க்கப் பார்க்க மூக்கருக்குத் தன் குடும்பத்தின் மேலேயே குமட்டியது. இந்தக் கையால்தானே இவர்கள் சோறு பிசைகிறார்கள் என்று தோன்றி, ராத்திரிச் சாப்பாடே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் முழுக்க வைத்தியம் நடந்தது. கிண்ணத்தில் வினிகர், சீட்டெல்லாம் சமையல் சோடா, மூலைக்கு மூலை அடுப்புக்கரி, தட்டில் காப்பித்தூள், கால்வைக்கிற இடத்தில் எலுமிச்சைத் தோல். யார் யார் என்ன சொன்னார்களோ அத்தனையும் உள்ளே போனது. வாயாடி தன் பங்குக்கு ஸ்ட்ராபெரி வாசனை அட்டை ஒன்றைக் கண்ணாடியில் மாட்டிவிட்டாள். வெயிலில் கார் பூட்டிக் கிடந்தது. சாயங்காலம் கதவைத் திறந்தால், பிணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி ஒரு வாடை வந்தது. கெட்டுப்போன மீன் ஸ்ட்ராபெரி தின்றுவிட்டுக் காப்பி குடித்து ஏப்பம் விட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அட்டையைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தார் மூக்கர்.

"பரவால்ல, குறைஞ்சிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரி முறை. வேலை முடிந்து வந்தவர், மனைவியை ஏற்றிக்கொள்ள வாசலில் நின்று ஹாரன் அடித்தார். அவள் கேட்டருகே தயங்கினாள்.

"ஏங்க, ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டுப் போலாமே?"

"மணி என்னாச்சு, குளிக்கச் சொல்ற? குளிக்க வேண்டியது நானில்ல, கார்தான். ஏறு, ஏறு."

தங்கை வீட்டு வாசலில் மாமியாரும் அண்ணியும் கைத்தாங்கலாக அவளைக் கூட்டிவந்தார்கள். பின்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள். அவ்வளவுதான். வைத்த காலை எடுத்துக்கொண்டு அப்படியே தெருவில் குந்திவிட்டாள். வயிற்றில் வாந்தி எடுக்க எதுவுமில்லை. வெறும் பித்தம், மஞ்சளாக. நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அண்ணா, என்னை விட்டுடுங்க. நான் வரல. செத்தாலும் சரி, இந்தக் கார்ல ஏற மாட்டேன்."

"பாப்பா, கொஞ்சம் பொறுத்துக்கம்மா. மூச்சைப் பிடிச்சுக்கோ."

"எத்தனை நேரம்ணா மூச்சைப் பிடிக்கிறது?"

மூக்கர் கார்க் கதவைச் சாத்தினார். அன்றைக்கு டிரிப்ஸ் போகவில்லை. போனில் டாக்டரம்மா கிழி கிழியென்று கிழித்துவிட்டார். நாளைக்கு எப்படியாவது வந்தாக வேண்டும், தோளில் தூக்கிக்கொண்டு வந்தாலும் சரி, நாளையும் தவறினால் இதுவும் தங்காது என்று சொல்லிவிட்டார். மூன்றாவதும் போனால் பாப்பா பிழைக்க மாட்டாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் காரை உரித்தார். உரித்தார் என்றால் கோழியை உரிக்கிற மாதிரி. விரிப்பு, பாய், பின்சீட்டு, பக்கத்து சீட்டு எல்லாம் வாசலுக்கு வந்தன. சுடுதண்ணி, சோப்பு, தேய்க்கிற பிரஷ். மூன்று பேரும் வாயில் துணி கட்டிக்கொண்டு தேய்த்தார்கள். பின்சீட்டு மெத்தையை அமுக்கினால் கறுப்பாகத் தண்ணி வந்தது, அதில் அரிசி, மிளகாய் விதை, என்னவென்றே தெரியாத ஒரு தோல். ஓங்கரித்துக்கொண்டே தேய்த்தார்கள். அழுக்குத் தண்ணி வெளுக்கும்வரை விடவில்லை.

மிச்சம் இருந்தது டிரைவர் சீட்டு ஒன்றுதான். மனைவி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அதற்குப் போனாள்.

"அதை எதுக்குத் தொடற?"

"இதையும் ஒரு கை பாத்துடலாமேங்க."

"அதுல உக்கார்றது யாரு? நானு. நான் என்னைக்காவது கார்ல ஒரு பருக்கை தின்னிருக்கேனா?"

"தின்னதுக்காக இல்ல..."

"அப்புறம்?"

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். வாயாடி, "அப்பா, அது வந்து..." என்று ஆரம்பித்தவள் அம்மா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டாள். அந்தப் பெண் பேச வந்து பேசாமல் போனதை அன்றைக்குத்தான் பார்த்தார் மூக்கர். பார்த்தும் அவருக்கு உறைக்கவில்லை.

விடிகாலையில் காரைக் கதவெல்லாம் திறந்து உலர விட்டு, உலர்ந்தபின் பூட்டச் சாவியையும் வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனார். போனபிறகு வீட்டில் நடந்தது பிற்பாடு வாயாடி சொல்லித்தான் அவருக்குத் தெரியும். பஸ் கிளம்பின சத்தம் கேட்டதுமே அம்மா எழுந்து டிரைவர் சீட்டு உறையைக் கழற்றினாளாம். அடியில் பஞ்சு மெத்தை திட்டுத் திட்டாக மஞ்சள் பூத்திருந்ததாம். சுடுதண்ணியை ஊற்றி அமுக்கியதும், வெள்ளையும் இல்லாத சாம்பலும் இல்லாத ஒரு தண்ணி வழிந்ததாம். அதில் திப்பி திப்பியாகத் தயிர் மாதிரி எதுவோ. அந்த வாடைக்குத் தெருநாய்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். அம்மா ரெண்டு தரம் சாக்கடை ஓரம் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து திரும்பத் திரும்ப ஊற்றினாளாம். அப்புறம் ஹேர் டிரையர், மின்விசிறி எல்லாம் வைத்து உலர்த்தி, புது உறை போட்டாளாம்.

மூக்கர் வேலை முடிந்ததும் ஒரு நிமிஷம் நிற்காமல் பஸ் பிடித்து நேரே தங்கை வீட்டுக்கு ஓடிவந்தார். அவளை எப்படிக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றுவது என்று வழியெல்லாம் அதே யோசனை. தெரு திரும்பினால் வாசலில் அவர் கார் நின்றது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரு ஓட்டிட்டு வந்தது?"

"தானா நடந்தா வரும்? நான்தான்" என்றாள் மனைவி, டிரைவர் சீட்டிலிருந்து.

திட்ட வாயெடுத்தவர் பின்சீட்டைப் பார்த்தார். பாப்பா உள்ளே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. மூக்கில் முந்தானை இல்லை. கையில் ஒரு பிஸ்கட், அதை எலி மாதிரி ஓரமாகக் கொறித்துக்கொண்டிருந்தாள். காருக்குள் பிஸ்கட்! தூள் மடியில் விழுந்து சீட்டில் சிந்தியது. மூக்கருக்குக் கோபம் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. எத்தனை நாள் கழித்து அவள் வாயில் ஒன்று இறங்குகிறது!

கண்ணாடியை இறக்கி, "வாடையே இல்லண்ணா" என்று சிரித்தாள். "அண்ணி மாயம் பண்ணிட்டாங்க."

"பாத்தியா? நான் தேய்ச்ச தேய்ப்பு அப்படி" என்று மார் தட்டிக்கொண்டார் மூக்கர். "நீ அந்தப் பக்கம் நகரு, நான் ஓட்டறேன்."

மனைவி நகரவில்லை. "நானே ஓட்டறேங்க. நீங்க வேலை முடிச்சுக் களைச்சுப் போய் வந்திருக்கீங்க."

"அடச்சீ, நகருங்கறேன்."

அவள் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தாள். மூக்கர் உட்கார்ந்தார், கதவைச் சாத்தினார், கண்ணாடியை ஏற்றினார், சாவியைத் திருகினார். வண்டி இன்னும் நகரக்கூட இல்லை. பின்னால் பிஸ்கட் கொறிக்கிற சத்தம் நின்றது. ஒரு விக்கல் வந்தது. திரும்பிப் பார்த்தால் பாப்பா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் வெளிறி.

"அண்ணா, கொஞ்சம் இறங்குங்களேன்."

காற்று வேண்டும்போல என்று நினைத்து இறங்கிக் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியே பார்த்தார். அவள் மெல்ல மூச்சு விட்டாள், முகம் தெளிந்தது. ஏறினார். மறுபடி விக்கல். இறங்கினார்.

புளித்தது எந்தக் கேன் என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதுதான் அவர் தொழிலில் முறை. தோளில் தொங்கின பையைக் கழற்றித் தெருவில் வைத்துவிட்டு ஏறினார். குமட்டினாள். காலணியைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினார். குமட்டினாள். மறுபடி இறங்கி நின்றார். பை அங்கே இருந்தது, காலணி அங்கே இருந்தது. இனி விலக்குவதற்கு அவரைத் தவிர வேறு ஒன்றும் மிச்சமில்லை.

மனைவி நேராக முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வாடை பாப்பா?" என்று கேட்டார், ஜன்னல் பக்கம் போகாமல் தள்ளி நின்று. "சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவள் அழுதாள். "கோவிச்சுக்காதீங்கண்ணா. பால்ணா. புளிச்ச பால் வாடை."

மூக்கர் சட்டைக் கையைத் தூக்கி மோந்து பார்த்தார். வேர்வை வந்தது. பஸ் டீசல் வந்தது. துவைத்த சோப்பு வாசனைகூட வந்தது. பால் வரவில்லை. காலரை இழுத்து மோந்தார், உள்ளங்கையை மோந்தார், ஊர்ப் பாலையெல்லாம் மோந்த மூக்கால் நாய் மாதிரி தன்னைத்தானே மோந்தார். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் போன வாரம் நடந்தது ஞாபகம் வந்தது. இவர் "நல்லது" என்று அனுப்பின பாலை லேப் பொண்ணு புளிப்பென்று திருப்பி அனுப்பினாள். "உன் மருந்துதான் கெட்டுப் போச்சு, என் மூக்கு கெடல" என்று அத்தனை பேர் நடுவில் அந்தப் பெண்ணை அழ வைத்திருந்தார். நூடுல்ஸ் டப்பாவைத் திறந்தபோதுகூட அவருக்கு இத்தனை அருவருப்பு வரவில்லை. பேப்பர் விரித்து வரிசையாக அடுக்கினாரே, அந்த வரிசையில் தானும் போய் உட்கார வேண்டியவர்தான் என்று தோன்றியது.

"நேரமாகுது, கிளம்புங்க" என்றார். மனைவி பக்கம் திரும்பினார். "நீயே ஓட்டு."

மனைவி டிரைவர் சீட்டுக்கு மாறினாள். கார் தெரு முனையில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். பின்கண்ணாடியில் பாப்பாவின் தலை சாய்ந்து, நிம்மதியாகத் தூங்கப் போகிற தலை மாதிரி இருந்தது. அதைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, செத்துவிடலாம் போலவும் இருந்தது. பையையும் காலணியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். எதிரே வந்த ஒருத்தர் விலகிப் போனார். சும்மா விலகினாரா, வேறு எதற்காவது விலகினாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வீட்டுக்குப் போய்க் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து தேய்த்தார். சோப்பு தீர்ந்தது. எலுமிச்சையைப் பிழிந்து தேய்த்தார். மிச்சமிருந்த வினிகரை ஊற்றிக்கொண்டார். தோல் எரிந்தது. போட்டிருந்த சட்டையைக் குப்பையில் போட்டார். அப்படியும் உள்ளே போக மனசு வராமல் ஈரத் துண்டோடு வாசலில் நின்றார்.

மத்தியானம் கார் வந்து நின்றது.

"வாந்தி எடுத்தாளா?"

"ஒரு சொட்டு இல்லீங்க. போறப்பவும் தூங்கினா, வர்றப்பவும் தூங்கினா. டிரிப்ஸ் முழுசா ஏறிடுச்சு. ஸ்கேன்ல துடிப்பு நல்லா இருக்குன்னு டாக்டரம்மா காமிச்சாங்க. வீட்டுல விட்டுட்டு வர்றேன், ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா."

மூக்கர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். மனைவி கொஞ்ச நேரம் அழ விட்டாள். சாவியை அவரிடம் நீட்டவில்லை, தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். அவரும் கேட்கவில்லை.

"எத்தனை நாளா?" என்றார்.

"என்னது?"

"வாடை."

"கல்யாணமான புதுசுலேர்ந்து."

"அடிப்பாவி! இத்தனை வருஷமா ஏண்டி சொல்லல?"

"இந்த வீட்டுல அடுப்பெரியறதே அந்த வாடையிலதானே. அதைப் போய் நாத்தம்னு எப்படிச் சொல்றது? அதுவும் உங்க மூக்குகிட்ட." காரைத் திரும்பிப் பார்த்தாள். "சீட்டுதான்னு நெனச்சேன். சீட்டைக் கழுவிட்டா தெரியாமலே போயிடும்னு நெனச்சேன். உங்களுக்குத் தெரியவே வேணாம்னுதான் பாத்தேன்."

"நீ எப்படி என் பக்கத்துல..." என்றார் மூக்கர்.

"ஜன்னல் பக்கமா திரும்பிப் படுத்துப்பேன்" என்றாள் சாதாரணமாக. "பழகிடுச்சு. விடுங்க. சாப்பாடு ஆறுது, உள்ள வாங்க."

அவள் உள்ளே போனாள். மூக்கர் வாசற்படியில் ஒரு காலை வைத்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

"மொதல்ல எல்லா ஜன்னலையும் தொறந்து வை" என்றார். "அப்புறம் வர்றேன்."